பதினான்காம் கேள்வி

ஜூலை 1, திங்கள்

என் அறைக்கு இன்று பெயர்ப்பலகை வந்தது. 'குடும்பம் மற்றும் சமூக ஆதரவு ஒருங்கிணைப்பு மையம்.' அறையைவிடப் பலகை நீளம். பழைய ஆய்வுக்கூடத்தில் பாதிதான் என் அறை. மீதிப் பாதியில் கால் உடைந்த பெஞ்சுகள் கூரை வரை கிடக்கின்றன. பலகை மாட்டிய அரை மணி நேரத்தில் மூன்று பேர் வந்தார்கள். ஒருவருக்கு ரேஷன் கார்டில் பெயர் சேர்க்க வேண்டும். ஒருவருக்குச் சிலிண்டர் வரவில்லை. மூன்றாமவர் பலகையை எழுத்துக்கூட்டி முழுவதும் படித்துவிட்டு, "இங்க என்னதானுங் பண்றீங்க?" என்றார்.

திருப்பூரில் ஒரு மாநகராட்சி நடுநிலைப்பள்ளி, இருநூற்றுப் பன்னிரண்டு குடும்பங்கள், எந்த வீட்டுக்கு என்ன உதவி வேண்டும், அது எந்த அலுவலகத்தில் கிடைக்கும் என்று பார்த்து இரண்டையும் சேர்த்துவைப்பது என் வேலை, அதற்காக ஓர் அறக்கட்டளை என்னை இங்கே போட்டிருக்கிறது என்று சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு, சாக்கடை அடைப்புக்கு ஒரு மனு எழுதித் தர முடியுமா என்றார். எழுதிக் கொடுத்தேன்.

மதியம் வருகைப் பதிவேட்டைப் பார்த்தேன். ஏழாம் வகுப்பு இசக்கியம்மாள் பதினோரு நாளாக வரவில்லை. வகுப்பாசிரியரிடம் கேட்டால், "ஊருக்குப் போயிருப்பாங்" என்கிறார். எந்த ஊருக்கு, யார் சொன்னது என்று அவருக்கே தெரியவில்லை. தொடர்ந்து முப்பது பள்ளி நாள் வராவிட்டால் பெயர் இடைநின்றோர் பட்டியலுக்குப் போய்விடும். அதன் பிறகு அந்தப் பெண்ணைத் திரும்ப வகுப்பில் உட்கார வைப்பது பெரும்பாடு. போன வருடம் அப்படி இரண்டு பெண்களை இழந்தோம். இரண்டு பேரும் இப்போது பனியன் கம்பெனியில் இருக்கிறார்கள்.

ஜூலை 3, புதன்

பெற்றோர் கூட்டம், காலை பதினொரு மணி. நூற்றிருபது நாற்காலி போட்டோம். ஒன்பது பேர் வந்தார்கள். அதில் நான்கு பேர் ஆதார் திருத்தம் என்று நினைத்து வந்தவர்கள். ஒருவர் பக்கத்துப் பள்ளிக்குப் போக வேண்டியவர். மரியாதைக்காகக் கடைசி வரை உட்கார்ந்திருந்தார்.

கூட்டத்தோடு கண் பரிசோதனை செய்ய வந்தவர்கள் எழுத்து அட்டையை மறந்துவிட்டு வந்தார்கள். அறக்கட்டளையின் ஆலோசகர் வந்தார், படம் எடுத்தார், இன்னொரு கூட்டம் இருக்கிறது என்று கிளம்பினார். கூட்டத்தை மாலையில் வைக்கலாமே என்று தலைமையாசிரியை தமயந்தி டீச்சர் கேட்டார். அழைக்கப்பட்ட அதிகாரிகள் பதினொரு மணிக்குத்தான் வருவார்கள் என்றேன்.

அறிக்கையில் 'பெற்றோரிடம் ஆர்வம் போதவில்லை' என்று எழுதினேன். வேறு என்ன எழுதுவது?

ஜூலை 4, வியாழன்

இசக்கியம்மாள் வீட்டுக்குப் போனேன். சாயப்பட்டறைக்குப் பின்னால் லைன் வீடுகள், எட்டில் ஆறாவது. ஊருக்கெல்லாம் போகவில்லை. அவள்தான் கதவைத் திறந்தாள், இடுப்பில் குழந்தை. தங்கச்சி, பெயர் உச்சிமாகாளி, ஒன்றேகால் வயது.

தூத்துக்குடிப் பக்கத்துக் குடும்பம். அப்பா கேரளாவில் கொத்து வேலை. அம்மா சுடலைவடிவு கம்பெனியில் எட்டரைக்கு ஏறினால் இரவு எட்டரைக்குத்தான் இறங்குகிறாள். இதுவரை குழந்தையைப் பார்த்துக்கொண்ட பக்கத்து வீட்டுக்காரி ஊருக்குப் போய்விட்டாள். ஆகவே இவள் பார்த்துக்கொள்கிறாள். அவ்வளவுதான் விஷயம். பள்ளியிலிருந்து யாராவது பத்து நிமிடம் நடந்து வந்திருந்தால் தெரிந்திருக்கும்.

அறையில் பனியன் பண்டல் ஒன்று அவிழ்ந்து கிடந்தது. குழந்தையை ஒரு காலால் மறித்துக்கொண்டு, தையலில் தொங்கும் நூல் பிசிர்களைச் சின்னக் கத்தரியால் வெட்டிக்கொண்டிருந்தாள். "அம்மா கம்பெனில இருந்து எடுத்துட்டு வருவா மிஸ். சும்ம இருக்க நேரத்துல செய்வேன்" என்றாள். என் முகத்தைப் பார்க்காமலே வெட்டிக்கொண்டிருந்தாள். பிறகு, "பின்னம் நடத்தியாச்சா மிஸ்?" என்று கேட்டாள்.

எனக்கு ஏனோ கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. சீக்கிரம் ஏற்பாடு செய்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். வீட்டுச் சந்திப்புப் படத்தில் பெற்றோர், வாசல், நான் மூவரும் இருக்க வேண்டுமாம். பெற்றோர் இல்லாததால் அறக்கட்டளையின் கைபேசிச் செயலி என் படத்தை ஏற்கவில்லை. மூன்று முறை முயன்றேன்.

ஜூலை 5, வெள்ளி

இன்று முழுவதும் ஒரு குழந்தையை விட இடம் தேடினேன்.

அங்கன்வாடியில் இரண்டு வயது ஆக வேண்டும் என்றார்கள். ஆனாலும் சேர்க்கலாம், கடிதம் கொடுங்கள் என்றார்கள். கடிதம் கொடுத்த பிறகு, திறப்பது பத்து மணிக்கு என்றார்கள். அம்மா கிளம்புவது எட்டேகாலுக்கு. நடுவில் ஒன்றே முக்கால் மணி நேரம் குழந்தையை எங்கே வைப்பது, காற்றிலா?

சுடலைவடிவின் கம்பெனியில் குழந்தைகள் காப்பகம் உண்டா என்று கேட்டேன். இது சின்ன யூனிட்டுங்க, அதெல்லாம் பெரிய கம்பெனிக்காரங்க வெப்பாங்க என்றார் மேலாளர். பெரிய கம்பெனியில் கேட்டால், எங்கள் ஆட்கள் பிள்ளைகளுக்கு மட்டும்தான் என்றார்கள். மகளிர் குழுத் தலைவியைக் கூப்பிட்டேன். செவ்வாய்க்கிழமை கூட்டத்தில் வைத்துச் சொல்கிறேன் என்றார். எல்லாச் சேவையும் இந்த ஊரில் இருக்கிறது. ஒன்றின் வாசலுக்கும் இன்னொன்றின் வாசலுக்கும் நடுவேதான் ஆள் விழுந்து கிடக்கிறது.

ஜூலை 6, சனி

திங்களுக்குள் நாற்பது குடும்பப் படிவங்களைப் பதிவேற்ற வேண்டும். காலையில் இருந்து வீட்டில் உட்கார்ந்து அதுதான் வேலை. ஒவ்வொன்றிலும் இருபத்திரண்டு கேள்வி. குக்கர் எத்தனை விசில் வந்தது என்று தெரியாமல் பருப்பு தீய்ந்துவிட்டது.

இசக்கியம்மாள் படிவம் முப்பத்தொன்றாவது. பதினான்காம் கேள்வி: 'குழந்தை வருமானம் தரும் வேலை ஏதேனும் செய்கிறதா?' ஆம் அல்லது இல்லை. விவரம் எழுத இடமில்லை. விட்டுவிட்டு அடுத்த பக்கம் போகலாம் என்றால் செயலி விடுவதில்லை. ஆம் என்று அழுத்தினேன். அடுத்தது முப்பத்திரண்டாவது.

ஐந்து மணிக்கு முடிந்தது.

ஜூலை 10, புதன்

ஆய்வுக் கூட்டத்தில் என் பெயரைச் சொல்லிக் கைதட்டினார்கள். நாற்பது படிவத்தையும் ஒரு பிழை இல்லாமல் முதலில் முடித்தது நம் பள்ளிதானாம். துண்டு போர்த்தினார்கள். தமயந்தி டீச்சர், "கருணாம்பிகை, இனி உன்னையக் கையில புடிக்க முடியாதாட்ட இருக்குது" என்று சிரித்தார். பிடித்திருந்தது, இல்லை என்று ஏன் எழுத வேண்டும்.

இசக்கியம்மாளுக்குப் பதினெட்டாம் நாள். மகளிர் குழுவிலிருந்து இன்னும் பதில் இல்லை.

ஜூலை 15, திங்கள்

கடைசியில் வழி பிறந்தது. சாயப்பட்டறைக்கு நான்கு வீடு தள்ளி நாகமணி என்று ஒரு பெண், குழுவில் இருக்கிறவர், எட்டு மணிக்கே குழந்தையை வாங்கிக்கொண்டு தன் வீட்டில் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். பெற்ற பிள்ளைகள் பெரியவர்களாகி வீடு வெறிச்சென்று இருக்கிறதாம். பத்து நாளில் அறுபது போன் பேசியிருப்பேன். சுடலைவடிவு ஒரு கையெழுத்துப் போட்டால் போதும். நாளை காலை போகிறேன்.

ஜூலை 16, செவ்வாய்

வீடு பூட்டிக் கிடக்கிறது.

வீட்டுக்காரர் நாச்சிமுத்து வாசலில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தும் குழாயை மூடவே இல்லை.

"வெள்ளிக்கெழம ரண்டு ஜீப்புல லேபர் ஆபீஸ் ஆளுக வந்தாங் மிஸ். புள்ளைய வேலைக்கு வெச்சிருக்கறதா தகவலுன்னாங். பண்டலத் தூக்கி ஜீப்புல போட்டாங், போட்டோ எடுத்தாங். அந்தப் புள்ள கத்தரிக்கோல வெச்சுட்டு நடுங்கிட்டு நிக்குது. எனக்கெதுக்குங்க இந்த வம்பு? ரண்டு நாள்ல காலி பண்ணச் சொல்லிப்போட்டேன்."

"எங்க போனாங்க?"

"அது தெரியாதுங்."

கம்பெனிக்குப் போனேன். பண்டல் எங்கிருந்து வந்தது என்று அங்கேயும் விசாரணை நடந்திருக்கிறது. சுடலைவடிவை அன்றைக்கே நிறுத்திவிட்டார்கள்.

எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது. பத்து நாள் அலைந்து ஒரு வழி கண்டுபிடித்துக் கொண்டுவந்தால், யாரோ ஒரு புண்ணியவான் பின்னாலேயே போய்ப் போட்டுக் கொடுத்திருக்கிறான். பக்கத்து வீட்டில் பொறாமை பிடித்தவர்களோ, வீட்டுக்காரரேயோ. பெரிய அக்கறை உள்ளவர்கள் மாதிரி. ஒரு வார்த்தை என்னிடம் சொல்லியிருக்கக் கூடாதா?

இருபத்திரண்டாம் நாள்.

ஜூலை 18, வியாழன்

நேற்று மொகரம் விடுமுறை. யார் புகார் கொடுத்தது என்று கேட்க, தொழிலாளர் துறையில் எனக்குத் தெரிந்த ஒருவருக்கு இன்று போன் செய்தேன். கொஞ்சம் கடுமையாகவே பேசினேன். அவர் கணினியில் பார்த்துவிட்டு, "புகாரெல்லாம் ஒண்ணுமில்லீங்க மேடம். உங்க பள்ளித் தரவுதான். பதினாலாம் கேள்விக்கு ஆம்னு இருந்தா தானா எங்களுக்கு வந்துரும்" என்றார். நன்றி சொல்லி வைத்தேன்.

இன்று வேறு எழுத ஒன்றும் இல்லை.

ஜூலை 19, வெள்ளி

எந்தப் பதில் எங்கே போகும் என்று படிவத்தில் ஒரு வரி போட்டால் என்ன? போட்டிருக்க வேண்டாமா? அறக்கட்டளைக்குப் போன் செய்து கத்தினேன். பயிற்சி நாளிலேயே விளக்கினோமே, உங்கள் கையெழுத்தும் இருக்கிறதே என்றார்கள். அன்று விளக்கும் நேரத்தில் நான் விருந்தினர்களுக்கு டீ சொல்லப் போயிருந்தேன். முதலிலேயே கையெழுத்து வாங்கிவிட்டார்கள்.

நான் பொய் எழுதவில்லை. அந்தப் பிள்ளை வேலை செய்தது உண்மைதானே? இல்லை என்று எழுதியிருந்தால் அதுவும் தப்புதானே? தமயந்தி டீச்சர், ஏன் முகம் ஒரு மாதிரி இருக்கிறது என்றார். பருவம் மாறுகிறது, தலைவலி என்றேன்.

இருபத்து நான்கு.

ஜூலை 22, திங்கள்

சனி, ஞாயிறு இரண்டு நாளும் தேடினேன். பேருந்து நிலையம், தூத்துக்குடிக்காரர் மளிகைக் கடை, மூன்று லைன் வீட்டு வரிசைகள். பயனில்லை.

இன்று வேறு வழியில்லாமல் ஏழாம் வகுப்பில் போய், இசக்கியம்மாள் எங்கே இருக்கிறாள் என்று யாருக்காவது தெரியுமா என்று கேட்டேன். தனுஸ்ரீ உடனே எழுந்தாள்.

"பல்லடம் ரோட்டுல மிஸ், எங்க சித்தி வீட்டு மாடில. நாந்தான் டெய்லி நோட்டுக் குடுத்துட்டு வரேன்."

"இத ஏன் இத்தன நாளா சொல்லல?"

"யாருமே கேக்கலீங் மிஸ்."

வகுப்பு முழுவதற்கும் தெரிந்திருக்கிறது. முப்பத்தைந்து பிள்ளைகளுக்கும். மூன்று வாரமாக நான் பேசாத அலுவலகம் இல்லை, பேசாத அதிகாரி இல்லை. சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல் இருந்தது.

ஜூலை 23, செவ்வாய்

காலை ஏழு மணிக்குப் பல்லடம் ரோடு. தகரக் கூரை போட்ட மாடி அறை. சுடலைவடிவை இன்றுதான் முதல் முறை பார்க்கிறேன். முப்பது வயதுகூட இருக்காது. தலையைப் பின்னிக்கொண்டே வந்து வாசலை அடைத்த மாதிரி நின்றாள். உள்ளே வா என்று சொல்லவில்லை. வேறு கம்பெனியில் சேர்ந்திருக்கிறாள், அங்கேயும் எட்டரை மணிதான்.

நான் நாகமணியைப் பற்றிச் சொன்னேன். "அங்கன போய்ப் பிள்ளைய விட்டுட்டு இங்கன வேலைக்கு எப்படிக்கா வர? எந்த பஸ் எனக்காக நிக்கும்?" என்றாள். சரிதான், நான்கு கிலோமீட்டர். பத்து நாள் உழைப்பு போச்சு. அவள் கம்பெனி பேருந்து நம் பள்ளி வாசல் வழியாகத்தான் போகிறது என்று பேச்சில் தெரிந்தது. உடனே, "அப்படின்னா குழந்தைய என்ற ரூம்ல விடுங்க, நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டேன். யோசித்துச் சொன்னதில்லை.

என்னையே பார்த்தாள். "பள்ளிக்கூடத்துக்கு விட்டா அங்கயும் ஜீப்பு வருமோ என்னமோ" என்றாள்.

"வராதுங்க."

"பாக்கேன்" என்றாள். யார் தகவல் கொடுத்தது என்று அவள் கேட்கவில்லை. நானும் பேச்செடுக்கவில்லை. அவளுக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது. இசக்கியம்மாள் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் குழந்தையோடு நின்றிருந்தாள். 

ஜூலை 24, புதன்

தமயந்தி டீச்சர் ஒரு மணி நேரம் சண்டை போட்டார். பள்ளி வளாகத்தில் கைக்குழந்தைக்கு விதி இல்லையாம். விழுந்தால் யார் பொறுப்பு, பால் யார் காய்ச்சுவது, அதிகாரி வந்தால் யாருடைய குழந்தை என்று சொல்வது.

"எந்தத் தலைப்புல இத காட்டுவ கருணாம்பிகை?"

"அதான் வெளிய பலகை மாட்டி வெச்சிருக்குதுங்களே டீச்சர். குடும்ப ஆதரவுன்னு. ஒரு குடும்பத்துக்காச்சு அது நடக்கட்டுமே" என்றேன். குரல் உயர்ந்துவிட்டது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எனக்கு ஒண்ணும் தெரியாது. நான் அந்தப் பக்கம் வரல" என்றார். அவர் பாஷையில் அது சம்மதம்.

ஜூலை 25, வியாழன்

உடைந்த பெஞ்சுகளை எல்லாம் வெளியே எடுத்துப் போட்டோம், நானும் ஆயாவும். இரண்டு எலிக்குடும்பம். உத்தரத்தில் என் பழைய சேலையைக் கட்டித் தொட்டில் போட்டேன். ஆயா அதில் ஒரு செங்கல் மூட்டையை வைத்து ஆட்டிப் பார்த்து, தாங்கும் என்றார். இடுப்பு ஒடிந்துவிட்டது.

எல்லாம் தயார் என்று தனுஸ்ரீயிடம் சொல்லி அனுப்பிவிட்டேன், நாளை வருகிறார்கள். நாளை இருபத்தொன்பதாம் நாள்.

ஜூலை 26, வெள்ளி

வரவில்லை.

எட்டு மணியிலிருந்து வாசலில் நின்றேன். எட்டேகாலுக்குக் கம்பெனி பேருந்து வந்தது. சுடலைவடிவு ஜன்னல் ஓரத்தில் இருந்தாள். என்னைப் பார்த்தாள். பேருந்து வேகத்தடையில் மெதுவாக ஏறி இறங்கிப் போய்விட்டது.

இதற்கு மேல் நான் என்ன செய்வது? வீடு தேடிப் போயாயிற்று, தொட்டில் கட்டியாயிற்று, தலைமையாசிரியையிடம் பேச்சு வாங்கியாயிற்று. உதவி செய்ய வருகிறவளை இப்படி வாசலில் நிற்க வைத்தால் எவளுக்குத்தான் மறுபடி செய்யத் தோன்றும்? இந்த ஜனங்களுக்கு என்று ஆரம்பித்து ஒரு பக்கம் எழுதினேன். கிழித்துவிட்டேன். அவளுடைய அறையைப் பறித்தது நான். வேலையைப் பறித்தது நான். அந்தப் பிள்ளையை ஜீப்புக்கு முன்னால் நடுங்க வைத்தது நான். எட்டு நாளாக இந்த நோட்டில்கூட இதை எழுதவில்லை.

ஜூலை 28, ஞாயிறு

போனேன். ஞாயிறானதால் சுடலைவடிவு துணி துவைத்துக்கொண்டிருந்தாள். பெரியவள் காயப்போட்டாள். குழந்தை சோப்பு நுரையில் கையை விட்டு அளைந்துகொண்டிருந்தது.

வழியெல்லாம் எப்படித் தொடங்குவது என்று யோசித்து வைத்திருந்தது எதுவும் வாயில் வரவில்லை. "உங்க வீட்டுக்கு ஜீப்பு வந்ததுக்குக் காரணம் நான்தானுங்க. புள்ள வேலை செய்யுதான்னு ஒரு படிவத்துல கேட்டிருந்தாங்க. ஆமான்னு போட்டுட்டேன். அது அங்க போகும்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருக்கோணும். என்ற தப்புத்தான்" என்றேன்.

இசக்கியம்மாள் கையில் ஈரப் பாவாடையோடு அப்படியே நின்றாள்.

சுடலைவடிவு துணியைப் பிழிந்து முடித்தாள். உதறினாள். மகளிடம் கொடுத்தாள்.

"தெரியும்க்கா."

"எப்படிங்க?"

"ரெண்டு வருசமா இந்த ஊர்ல கெடக்கோம். எங்க வீட்டுக்குள்ள வந்தவுக நீங்க ஒருத்தர்தான். வேற யாரு எழுதிப் போடுவா?"

நான் அழுதேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, அவள் வீட்டு மாடியில், அவள் பிள்ளைகள் எதிரில் அழுதேன். "அன்னைக்கே என்னையக் கேட்டிருக்கலாமில்லீங்க" என்றேன்.

"நீங்களா சொல்லுதியளான்னு பாத்தேன். பச்சப்பிள்ளைய விட்டுட்டுப் போணும்லா. ஒண்ணு நடந்தா மறைக்கிற ஆள்ட்ட எப்படிக்கா விட?"

பிறகு குழந்தையைத் தூக்கி, நுரையைத் தன் முந்தானையில் துடைத்தாள். பத்து மணிக்குப் பால், பசும்பால் ஒத்துக்கொள்ளாது, தூக்கம் வந்தால் வலது காதைப் பிடித்துக்கொண்டு அழும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். இந்த நோட்டின் பின்பக்கத்திலேயே எழுதிக்கொண்டேன்.

ஜூலை 29, திங்கள்

எட்டேகாலுக்கு வந்தார்கள். குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டுச் சுடலைவடிவு பேருந்துக்கு ஓடினாள், திரும்பிப் பார்க்கவில்லை. இசக்கியம்மாள் வகுப்புக்குப் போனாள். பதிவேட்டில் முப்பதாம் கட்டத்தில் வருகை விழுந்துவிட்டது. நான் நேரில் நின்று பார்த்தேன்.

உச்சிமாகாளி ஒன்பது மணியிலிருந்து பள்ளிக்கூடமே அதிர அழுதாள். தொட்டில் பிடிக்கவில்லை, ஆயாவைப் பிடிக்கவில்லை, என்னைச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. அந்தப் பக்கம் வரமாட்டேன் என்ற தமயந்தி டீச்சர் கிலுகிலுப்பையோடு வந்தார், அதையும் வீசி எறிந்தாள். அறக்கட்டளையிலிருந்து இந்த மாதப் படிவம் என்று மூன்று போன். எடுக்கவில்லை.

அழுகை கேட்டு இசக்கியம்மாள் வகுப்பிலிருந்து ஓடிவந்தாள். போம்மா, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அனுப்பினேன். கால் மணி நேரத்தில் மறுபடி வந்தாள். மறுபடி அனுப்பினேன்.

பதினொரு மணிக்குக் குழந்தை இன்னும் பலமாக அழுதது. அவள் வருவாள் என்று வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். வரவில்லை. குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு போய் ஏழாம் வகுப்பு ஜன்னலில் பார்த்தேன். கரும்பலகையைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.